சிப்பியை எண்ணிய கடற்கரையில் பிள்ளைகளை எண்ணிய கதை



நம்ம கூட்டமைப்பின் ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். தூத்துக்குடிக்கு வரலாற்றுக்கா பஞ்சம்? முத்துக்குளிப்பு இருக்கு, துறைமுகம் இருக்கு, வ.உ.சி. ஐயா கப்பல் விட்டது இருக்கு. அதையெல்லாம் எழுதப் படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். எனக்குத் தெரிந்த, நம்ம எல்லாருக்கும் வேண்டிய ஒரு வரலாற்றை எழுதுகிறேன். ஒரு பிள்ளை பிறந்ததா, ஊசி போட்டாச்சா, எடை எவ்வளவு, தாய் நல்லா இருக்கிறாளா என்று அரசாங்கம் எப்போதிருந்து கேட்க ஆரம்பித்தது? யார் யாரிடம் கணக்குக் கேட்டார்கள்? அந்தக் கணக்கில் நம்ம பெண்களுக்கு என்ன வேலை? இதுதான் நான் சொல்ல வந்தது.

சிப்பிக்கு இருந்த கணக்கு

நம்ம மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பி விளையும் இடத்தைப் பார் என்று சொல்லுவோம். தொல்லாயிரம் பார் என்ற பெயரை வயசானவர்கள் இன்றைக்கும் சொல்லுவார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தப் பார்களை எல்லாம் அரசாங்கமே கவனித்தது. அதற்கென்று தூத்துக்குடியில் அதிகாரி இருந்தார். படகில் போய், குளியாளிகளை இறக்கி, இந்த இடத்தில் எத்தனை சிப்பி இருக்கு, அதுக்கு என்ன வயசு, முத்து முத்திருக்கா என்று பார்த்து எழுதினார்கள். மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பியை எடுத்து, அதிலிருந்த முத்தைச் சலித்து, தரம் பிரித்து, விலை போட்டுப் பார்த்தார்கள். லாபம் வரும் என்று தெரிந்த பிறகுதான் சலாபம் அறிவிப்பார்கள். குளித்து எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளித்தவனுக்கு.

கடைசியாக 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. அதோடு நின்றுபோனது. அப்போது எங்க ஆச்சி குமரிப் பிள்ளை. சலாபம் நடந்தால் கரையெல்லாம் திருவிழாக் கூட்டமா இருக்கும் என்று சொல்லுவாள்.

ஆச்சிக்கு ஒன்பது பிள்ளை பிறந்தது. தங்கினது ஐந்து. போன நாலு பேரில் இரண்டு பேருக்குப் பேர்கூட வைக்கவில்லை. காய்ச்சல், வயித்துப்போக்கு, "செவ்வாப்பு" என்று காரணம் சொல்லுவாள். அந்தப் பிள்ளைகள் பிறந்ததும் செத்ததும் எந்த ஏட்டிலும் இல்லை. கடலுக்கு அடியில் கிடந்த சிப்பிக்கு வயசு எழுதிய கரையில், குடிசைக்குள் பிறந்த பிள்ளைக்கு ஒரு வரி எழுதவில்லை.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. எண்ணினால் காசு வரும் என்று இருந்ததை முதலில் எண்ணினார்கள். அவ்வளவுதான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குத் தூத்துக்குடி வழியாகப் போன கூலிச் சனங்களையும் இப்படித்தான் பார்த்தார்கள். பக்கத்தில் தட்டப்பாறையில் முகாம் போட்டு, காலரா, அம்மை இருக்கா என்று பார்த்த பிறகே கப்பல் ஏற்றினார்கள். அதுவும் சுகாதாரக் கண்காணிப்புதான். தோட்டத்துக்கு நோய் போகக் கூடாது என்பதற்காகச் செய்தது.

ஏடு வந்தது

பிறப்பு இறப்பைப் பதிவு செய்ய 1899ல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. கிராமத்தில் முன்சீப் அந்த ஏட்டை வைத்திருந்தார். முன்சீப் வீட்டுக்குப் போய் நின்று சொல்ல எல்லாராலும் முடியாது. சாதி பார்க்கிற காலம். கூலிக்குப் போகிற பெண், பிள்ளை செத்த மறுநாளே வேலைக்குப் போயிருப்பாள். அதனால் சட்டம் இருந்தும் ஏடு நிறையவில்லை. 1969ல் நாடு முழுமைக்கும் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது. குறித்த நாளுக்குள் பதிய வேண்டும் என்று ஆனது. 1980ல் பரம்பரை முன்சீப், கர்ணம் பதவியெல்லாம் ஒழிந்து, பிறகு கிராம நிர்வாக அலுவலர் வந்தார். அதன் பிறகுதான் சாதாரண வீட்டுப் பிள்ளைகளும் ஏட்டில் ஏறத் தொடங்கினார்கள்.

இன்னொரு பக்கம், 1922ல் சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரத்துக்கு என்று தனித் துறையே உண்டாச்சு. 2022ல் அதற்கு நூற்றாண்டு விழா நடந்தது. 1939ல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. இந்த மாதிரிச் சட்டத்தை இந்தியாவில் முதலில் கொண்டு வந்தது நம்ம மாகாணம்தான். அதில் குடிதண்ணீர், சாக்கடை, தொத்து நோய் மட்டுமில்லை, தாய் சேய் நலத்துக்கும் தனிப் பகுதி இருக்கு. அதாவது, பிரசவம் என்பது மருத்துவச்சிக்கும் வீட்டுக்கும் உள்ள விஷயம் மட்டுமில்லை, ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் பொறுப்பு இருக்கு என்று எழுத்தில் வந்தது அப்போதுதான்.

மருத்துவம் பார்ப்பதற்கு ஒரு துறை, நோய் வராமல் பார்ப்பதற்கு ஒரு துறை என்று தனித்தனியாக வைத்திருப்பது தமிழ்நாட்டின் தனிச்சிறப்பு என்று சொல்லுவார்கள். நம்ம ஊருக்கு வருகிற கிராம சுகாதார செவிலியர், சுகாதார ஆய்வாளர் எல்லாம் அந்த இரண்டாவது துறையைச் சேர்ந்தவர்கள். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து நம்மை எதிர்பார்ப்பது ஒரு வேலை. வீடு தேடி வந்து, "ஏளா, இந்த மாசம் மாத்திரை போட்டியா?" என்று கேட்பது வேறு வேலை.

சோறு வந்தது

நம்ம மாவட்டத்து எட்டயபுரத்துக்குப் பாரதியார் பிறந்த ஊர் என்று பெயர். அதே எட்டயபுரத்தில்தான் 1956ல் காமராசர் ஐயா பள்ளிக்கூட மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அப்போது நம்ம பகுதி திருநெல்வேலி மாவட்டம். தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986 அக்டோபர் 20ல்தான். பொதுக் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அவர்கள் ஊர் ஊராகப் போய் ஆதரவு திரட்டினார். செலவில் ஒரு பங்கை ஊர்க்காரர்களே நெல்லாகவும் பணமாகவும் காய்கறியாகவும் கொடுத்தார்கள். ஊர்க் காசு போட்டதால் ஊர் கண்ணும் அந்த அடுப்பின் மேல் இருந்தது.

1975 அக்டோபர் 2ஆம் தேதி மத்திய அரசு 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. அங்கன்வாடி என்ற பெயர் நாட்டுக்கு வந்தது அப்போது. 1982 ஜூலை 1ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2 வயது முதல் 9 வயது வரை உள்ள கிராமத்துப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு. இந்த வேலையில் விதவைகளுக்கும் ஆதரவில்லாத பெண்களுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். 1989ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்து, 2010ல் பள்ளியில் வாரம் ஐந்து முட்டை ஆனது.

முட்டையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அரிசி, பருப்பில் எத்தனை கிராம் போட்டார்கள் என்று தாய்க்குத் தெரியாது. முட்டை அப்படி இல்லை. பிள்ளை வீட்டுக்கு வந்ததும், "இன்னைக்கு முட்டை வச்சாங்களா?" என்று கேட்டால் போதும். படிக்காத தாயும் கேட்கக்கூடிய கணக்கு அது. முட்டையில் முத்திரை வைத்து அனுப்புவதும் அது வெளியே கடைக்குப் போகக் கூடாது என்பதற்காகத்தான். சாமான்யமானவர்களும் சரிபார்க்கிற மாதிரி ஒரு திட்டம் இருந்தால் அதற்குப் பாதுகாப்பு அதிகம்.

தராசு வந்தது

சத்துணவுக்கு இரண்டு வருஷம் முன்னாலேயே, 1980ல், உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. முதலில் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தொடங்கி, பிறகு நம்ம திருநெல்வேலி மாவட்டம் உள்பட பல மாவட்டங்களுக்கு வந்தது. இதைப் பற்றி இன்றைக்கு அதிகம் பேர் பேசுவதில்லை. ஆனால் பிள்ளைகளைக் கவனிக்கிற முறையையே மாற்றினது இந்தத் திட்டம்தான்.

அதுவரை எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி சோறு போட்டார்கள். இந்தத் திட்டத்தில் 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள பிள்ளைகளை மாசம் ஒருமுறை தராசில் போட்டார்கள். எடையை அட்டையில் புள்ளி வைத்துக் கோடு போட்டார்கள். கோடு ஏறினால் சரி. படுத்தாலோ இறங்கினாலோ அந்தப் பிள்ளைக்கு 90 நாள் சத்துமாவு உருண்டை. எடை ஏறியதும் நிறுத்திவிட்டு, தாய்க்குச் சொல்லிக் கொடுத்து அனுப்புவார்கள். பிள்ளை பார்க்க நல்லா இருக்கும்போதே கோடு காட்டிக் கொடுத்துவிடும். பத்து மையத்துக்கு ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். உருண்டை பிடிக்க ஊர்ப் பெண்களையே குழுவாகச் சேர்த்தார்கள். கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு உள்ள பிள்ளைகள் எண்ணிக்கை நல்லாவே குறைந்தது என்று பின்னால் செய்த மதிப்பீடுகள் சொன்னது.

எங்க அத்தை, அதாவது என் மாமியார், அப்படி உருண்டை பிடித்த குழுவில் இருந்தவங்க. "மையத்துச் சுவத்துல போர்டு வச்சு எழுதிப் போடுவாங்க. இந்த மாசம் எத்தனை பிள்ளை நிறுத்தாச்சு, எத்தனை பிள்ளைக்கு எடை கொறைஞ்சிருக்குன்னு. தண்ணிக்குப் போறவ, மீன் விக்கப் போறவ எல்லாரும் பாத்துட்டுப் போவோம்" என்று சொல்லுவாங்க. மகளிர் சுய உதவிக் குழு என்ற பெயர் நம்ம பக்கம் வருவதற்கு முன்னாலேயே, பெண்கள் கூடி ஒரு அரசாங்கத் திட்டத்தைக் கவனித்த கதை இது. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் உண்டானது 1983ல். சுய உதவிக் குழுக்கள் தருமபுரியில் தொடங்கியது 1989ல்.

ஒரு தாய் இறந்தால் ஏன் என்று கேட்டது

1987ல் டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி அம்மையார் பெயரில் மகப்பேறு உதவித் திட்டம் வந்தபோது கொடுத்தது 300 ரூபாய். 2006ல் 6,000 ஆச்சு. 2011ல் 12,000 ஆச்சு. 2018ல் பணமும் பொருளுமாக 18,000 ஆச்சு. இது நம்ம எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்.

1994 முதல் தமிழ்நாட்டில் பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் அதைத் தனியாகப் பதிந்து விசாரிக்கிற முறை வந்தது. வீட்டுக்குப் போய்க் கேட்பார்கள். எப்போது வலி வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க, வண்டி எப்போ வந்தது, முதல் ஆஸ்பத்திரியில் என்ன சொன்னாங்க, அங்கிருந்து ஏன் அனுப்பினாங்க? பிறகு மாவட்ட ஆட்சியர் முன்னால் கூட்டம் நடக்கும். டாக்டர், நர்ஸ் எல்லாரும் வருவார்கள். இறந்த பெண்ணின் வீட்டாரையும் கூப்பிடுவார்கள். யாருக்குத் தண்டனை என்று பார்ப்பதற்காக இல்லை. எந்த இடத்தில் நேரம் போனது என்று கண்டுபிடிப்பதற்காக.

அதற்கு முன்னால் அவள் விதி என்று சொல்லி முடித்துவிடுவோம். விதியை விசாரிக்க ஆரம்பித்ததும் காரணம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ராத்திரியில் ஆள் இல்லை. ரத்தம் இல்லை. ஆபரேஷன் செய்ய டாக்டர் இல்லை. வண்டி இல்லை. அதற்கெல்லாம் ஏற்பாடும் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று நர்ஸ் போட்டு 24 மணி நேரமும் பிரசவம் பார்த்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் சீமாங்க் மையம் வந்தது. 2008ல் 108 வண்டி வந்தது. நம்ம தூத்துக்குடியில் அரசு மருத்துவக் கல்லூரி 2000ல் வந்ததும் நமக்குப் பெரிய உதவி.

2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் பிரசவத்தில் இந்தியாவில் 97 தாய்மார் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54. 2020ல் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் ஒரு வயதுக்குள் இறந்தது இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. எங்க ஆச்சி ஒன்பதில் நாலு கொடுத்தாள். அந்தக் கணக்கையும் இந்தக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கவனிப்பு ஊரை விட்டுத் தள்ளிப் போனால்

மேலே இருந்து கவனிப்பது எப்போதும் நல்லதாகவே முடியும் என்று சொல்ல முடியாது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நாலு பச்சைப் பிள்ளைகள் இறந்தன. நாடே பதறிப் போனது. அதன் பிறகு ஊருக்குள் வந்து ஊசி போடுவதை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் முன்னால்தான் போட வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டது. பயத்தில், பாதுகாப்புக்காகச் செய்ததுதான்.

ஆனால் நம்ம மாதிரி ஊரை நினைத்துப் பாருங்கள். உப்பளத்துக்குப் போகிற பெண் ஒரு ஊசிக்காகப் பஸ் ஏறிப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் எல்லாத் தடுப்பூசியும் போட்ட பிள்ளைகள் 2005-06ல் நூற்றுக்கு 81 பேர். 2015-16ல் 70 ஆகக் குறைந்தது. எல்லாத்துக்கும் இந்த ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஊசி ஊரை விட்டுத் தள்ளிப் போனது ஒரு முக்கியமான காரணம் என்று சுகாதாரத் துறையைத் தெரிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பிறகு மறுபடியும் ஊருக்குள் ஊசி வந்தது. 2019-21 ஆய்வில் 89 ஆக ஏறியது.

கேட்கிற உரிமை

2001ல் நாட்டில் கிட்டங்கி நிறைய அரிசி கோதுமை கிடந்தும் சனங்கள் பட்டினி கிடந்தார்கள். மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 2001 நவம்பர் 28ல் நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. எல்லா மாநிலத்திலும் பள்ளியில் சமைத்த சோறு போட வேண்டும், ஒவ்வொரு குடியிருப்பிலும் அங்கன்வாடி வேண்டும் என்று சொன்னது. நம்ம எட்டயபுரத்தில் 1956ல் தொடங்கிய காரியம் நாடு முழுக்கக் கட்டாயம் ஆனது அன்றைக்குத்தான்.

2002 மே 8ல் இன்னொரு உத்தரவு வந்தது. உணவுத் திட்டங்களின் கணக்கைச் சரிபார்க்க, அதாவது சமூகத் தணிக்கை செய்ய, கிராம சபைக்கு உரிமை உண்டு என்று சொன்னது. 2005ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. 2013ல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 6 மாதம் முதல் 6 வயது வரை உள்ள பிள்ளைக்கு அங்கன்வாடியில் சாப்பாடு சட்டப்படி உரிமை ஆனது. இதில் இருந்து என்ன தெரிகிறது? டீச்சரிடம் நாம் ஏட்டைக் காட்டுங்க என்று கேட்டால் அது சண்டை இல்லை, அதிகப்பிரசங்கித்தனமும் இல்லை. சட்டம் கொடுத்த வேலை.

ஏட்டுச் சுரைக்காய்

தமிழ்நாட்டில் 54,439 அங்கன்வாடி மையங்கள் இருக்கு. 2008 முதல் கர்ப்பிணிகளை பிக்மி கணினியில் பதிகிறார்கள். அந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்க முடியாது. 2021 முதல் அங்கன்வாடிக்கு போஷன் டிராக்கர் என்ற செல்போன் செயலி வந்திருக்கு. டெல்லியில் இருப்பவர்கூட நம்ம ஊர்ப் பிள்ளை எடையைப் பார்க்கலாம். ஆச்சி காலத்தில் ஏடே இல்லை. இப்போது ஏட்டுக்கு மேல் ஏடு.

எங்க பக்கத்தில் ஒரு மையத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். எங்க குழு அக்கா ஒருத்தியின் பேத்திக்கு மூணு வயசு. அந்தப் பிள்ளை ஒரு மாசம் முழுக்கத் தாயோடு கோவில்பட்டிப் பக்கம் போயிருந்தது. திரும்பி வந்து அட்டையைப் பார்த்தால் அந்த மாசத்துக்கும் எடை எழுதியிருக்கு. முந்தின மாசத்தை விட 200 கிராம் கூட. அக்கா அட்டையை எடுத்துக்கொண்டு குழுக் கூட்டத்துக்கே வந்துவிட்டாள்.

நாங்கள் ஐந்து பேர் போய் டீச்சரைப் பார்த்தோம். அவங்க மறைக்கவில்லை. தராசு கெட்டுப்போய் நாலு மாசம் ஆச்சு. பக்கத்து ஊர் மையத்தில் ஆள் இல்லாததால் அதையும் அவங்கதான் பார்க்கணும். "எடை போடலைன்னு பதிஞ்சா ஏன் போடலைன்னு ஃபோன் வரும். தராசு இல்லைன்னு சொன்னா எழுதிக் குடுங்கன்னு சொல்லுவாங்க. எழுதிக் குடுத்தும் வரலை. நான் என்ன செய்ய, சொல்லுங்கக்கா" என்று கண் கலங்கிட்டாங்க. அவங்க மேல் புகார் எழுதுவதா வேண்டாமா என்று எங்களுக்குள்ளே பெரிய பேச்சு நடந்தது. கடைசியில் கூட்டமைப்பில் தீர்மானம் போட்டு, தராசு வேண்டும், காலிப் பணியிடம் நிரப்ப வேண்டும் என்று குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு மனுக் கொடுத்தோம். அதற்குள் பக்கத்து மையத்துத் தராசைக் கேட்டு வாங்கி, டீச்சரோடு சேர்ந்து நாங்களே பிள்ளைகளைத் தூக்கி வைத்து நிறுத்தோம். வந்த 31 பிள்ளைகளில் 4 பேருக்கு எடை குறைவு. ஏட்டில் நாலு பேரும் "நலம்". அதில் ஒரு பையனுக்கு ரத்தம் ரொம்பக் குறைவு என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னார்கள். பூச்சி மருந்து, இரும்புச்சத்து டானிக் கொடுத்து, வாரம் ஒருமுறை நர்ஸம்மா வந்து பார்த்து, இப்போது ஓடித் திரிகிறான். தராசு இரண்டு மாசம் கழித்து வந்தது. பக்கத்து மையத்துக்கு ஆள் இன்னும் வரவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? மேலே இருக்கிறவர்கள் மட்டும் கேட்டால் கட்டம் நிரம்பும். கட்டம் நிரம்பினதும் பிள்ளை நல்லா இருக்கு என்று அவர்களும் நம்பிவிடுவார்கள். கிட்டத்தில் இருந்து பார்க்கிற ஆளும் வேண்டும்.

கட்டத்தில் இல்லாத கேள்விகளும் இருக்கு. உப்பளத்துக்குப் போகிற தாய் விடியுமுன்னே கிளம்பிவிடுகிறாள். எடை போடுகிற நேரத்தில் பிள்ளையைக் கொண்டு வருவது பாட்டியோ அக்காப் பிள்ளையோதான். "தாய்க்கு ஆலோசனை வழங்கப்பட்டது" என்று கட்டத்தில் டிக் இருக்கும். எந்தத் தாய்க்கு? அதே போல, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகிற வீட்டில் அந்த இரண்டு மாசம் கை கடிக்கும். எங்க மையத்து அட்டைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் பல பிள்ளைகளின் கோடு அந்த மாசங்களில்தான் படுக்கிறது. டெல்லிச் செயலியில் தடைக்காலம் என்று கட்டம் கிடையாது. கரையில் இருக்கிற நமக்குத்தான் அது தெரியும்.

இப்போது கணக்கு நம்மிடம்

2022 செப்டம்பர் 15ல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க வந்தது. கிராமத்தில் சமைப்பது நம்ம சுய உதவிக் குழுப் பெண்கள்தான். அடுப்பு பற்ற வைத்த நேரம், பரிமாறின நேரம் எல்லாம் செயலியில் ஏற்ற வேண்டும். அதாவது, நேற்று வரை கேள்வி கேட்டவர்கள் இன்றைக்குப் பதில் சொல்கிற இடத்திலும் நிற்கிறோம். ரவை குறைந்தால், காய்கறி போடாமல் விட்டால் நம்மைத்தான் கேட்பார்கள். கேட்கட்டும். நம்ம சமையல்கட்டுக் கதவு எந்தத் தாய்க்கும் திறந்தே இருக்க வேண்டும். நாம் டீச்சரிடம் ஏட்டைக் கேட்ட மாதிரி, நம்மிடமும் ஒருத்தி வந்து கேட்டால் முகம் சுளிக்கக் கூடாது.

ஒவ்வொரு ஊராட்சிக் கூட்டமைப்பும் செய்யக்கூடிய நாலு காரியத்தைச் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, மாசம் எடை போடுகிற நாளில் குழு உறுப்பினர் இரண்டு பேர் மையத்தில் இருப்பது. டீச்சருக்கும் அது ஒத்தாசை. இரண்டு, அந்தக் காலத்து மாதிரி மையத்து வாசலில் ஒரு போர்டு வைப்பது. பிள்ளைகள் பெயர் வேண்டாம். எத்தனை பேர், எத்தனை பேருக்கு எடை போட்டாச்சு, எத்தனை பேருக்குக் குறைவு, தராசு ஓடுதா என்று எழுதினால் போதும். மூன்று, கிராம சுகாதாரக் குழுவுக்கு வருகிற ஆண்டு நிதி 10,000 ரூபாய் எதற்குச் செலவானது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது. நாலு, கிராம சபையில் ரோடு, தெருவிளக்குப் பேசி முடிந்ததும் எழுந்து போகாமல், அங்கன்வாடிக் கணக்கையும் வாசிக்கச் சொல்வது. தீர்மானப் புத்தகத்தில் அது ஏறினால்தான் அடுத்த சபையில் பதில் கேட்க முடியும்.

அடுத்த கிராம சபைக்கு எங்க ஊரில் இருந்து 40 பெண்கள் போவதாகப் பேசி வைத்திருக்கிறோம். அங்கன்வாடிக் காலிப் பணியிடம் எங்க முதல் கேள்வி. உங்க ஊரிலும் பேசி, உங்க கேள்வியை எழுதிக் கொண்டு போங்க.